கை விழுந்த சட்டகம்

கூட்டுறவுக் கடையின் பின்னறை.
மாவு மூட்டைகள் இருந்த இடத்தில் இப்போது கடல்.
சன்னலை மூடக் கறுப்புத் துணி வாங்கியிருந்தோம்,
பிரிக்கவே இல்லை.
இக்லூலிக்கில் டிசம்பர் மாதம்
சூரியன் அந்தத் தொந்தரவை எங்களுக்குத் தருவதில்லை.

கடல் என்பது மூன்றடுக்குக் கண்ணாடி,
கொஞ்சம் கிளிசரின்,
கசக்கிய பாலித்தீன் பை.
படகு மட்டும் நிஜமான கடல்நாய்த் தோல்,
போன வசந்தத்தில் ஜெய்பிட்டி சுட்டது.
விளிம்பைப் பற்றித் தொங்குகிறாள் அவள்.
ஒரு சாண் உயரம், உள்ளே கம்பி எலும்பு.
பத்து விரலையும் தனித்தனியாக வார்த்தேன்,
கணுக்கணுவாய்க் கழற்றும்படி.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.
தெரியாதவர்களுக்கு:
மனித வேடம் கட்டி வந்த கடற்பறவைக்கு வாழ்க்கைப்பட்டாள்.
அப்பா போய் மீட்டு வந்தார்.
பறவை சிறகடித்தது, கடல் எழுந்தது,
அப்பா பயந்தார்.
மீட்டவளையே தண்ணீரில் தள்ளினார்.
படகைப் பிடித்துக்கொண்டாள். வெட்டினார்.
முதல் கணுக்கள் சின்னக் கடல்நாய்கள்,
நடுக் கணுக்கள் தாடி வைத்த கடல்நாய்கள்,
அடிக் கணுக்கள் வால்ரஸ்.
எங்கள் தட்டில் விழுவதெல்லாம்
அவள் கையிலிருந்து போனது.

நொடிக்குப் பன்னிரண்டு அசைவு.
வெட்டுக்கு எட்டு நொடி போதும் என்கிறது
டொராண்டோவிலிருந்து வந்த மின்னஞ்சல்.
குழந்தைகள் பார்ப்பார்கள், ரத்தம் வேண்டாம்,
முடிந்தால் அப்பாவின் முகத்தில் கொஞ்சம் வருத்தம்.

அப்பாவுக்குக் குரல் ஜெய்பிட்டி.
தண்ணீர் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வருவான்.
இன்ஜினை அணைத்தால் உறைந்துவிடும்,
ஆகவே எங்கள் ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் அடியில்
ஓர் உறுமல்.
வசனத் தாளைப் படித்தான். மடித்தான்.
"வெட்டுறவன் பேசமாட்டான், மியாலி."
மைக் முன்னால் மூக்கால் மூச்சுவிட்டான்,
பாரம் இழுப்பவனின் மூச்சு.
ஒன்று. இன்னொன்று.
மூன்றாவது வரவே இல்லை.
அந்த வராத மூச்சை வைத்துக்கொண்டேன்.
வருத்தத்தை டொராண்டோ அதற்குள் தேடிக்கொள்ளட்டும்.

திங்கள் முதல் வியாழன் வரை வெட்டினேன்.
ஒரு மயிரிழை நகர்த்து, கையை எடு, சொடுக்கு.
தொல்லை முடியில்தான்.
என் முடி, காதோரம் நறுக்கி ஒட்டியது.
தொட்டபோதெல்லாம் கலைந்தது,
ஓடவிட்டால் திரையில் எறும்பு மொய்ப்பதுபோல் நடுங்கியது.
பழைய பல் பிரஷால் சீவினேன். எடுத்தேன்.
சீவினேன். எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசிக் கணுவும் போயிற்று.
கண்ணாடியின் முதல் அடுக்கைத் தாண்டி
இரண்டாவதற்கு இறங்கினாள்,
மொக்கையான இரு உள்ளங்கைகளோடு.
பிரஷை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.
கதையின் மிச்சமே இதுதான்.
விரலில்லாதவள் தலைவாரிக்கொள்ள முடியாது.
மேலே நாங்கள் செய்யும் பிழையெல்லாம்
கீழே அவள் கூந்தலில் அழுக்காய்ச் சேரும்.
சிக்கு முற்றினால் ஒரு விலங்கையும் வெளியே விடமாட்டாள்.
பட்டினி.
அப்போது ஒரு சாமியாடி மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்,
பக்கத்தில் உட்கார்ந்து,
சிக்கெடுத்துவிட்டு வரவேண்டும்.

நான் சாமியாடி இல்லை.
மணிக்கு முப்பத்தொரு டாலர், ஞாயிறு தவறாமல் சர்ச்.
ஆனாலும் மூச்சைப் பிடித்திருந்தேன்.
பொம்மை ஆடக்கூடாதே, அதற்காக.

மின்சாரம் ஒருமுறை கண்சிமிட்டியது.
கேமரா தன்பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டது.
ஆயிரத்து நூற்றுப் பதினேழாம் சட்டகம்:
அவள் தலை,
அதன்மேல் படகைவிடப் பெரிய என் கை,
கட்டைவிரல் நகத்தில் காய்ந்த பசை,
தேய்ந்த பிரஷ்.
கை விழுந்த சட்டகத்தை அழித்துவிட்டு
மறுபடி எடுக்கவேண்டும், விதி அது.

அழித்தாயிற்று என்று அட்டவணையில் எழுதினேன்.
எழுத மட்டும் செய்தேன்.

வெளியே உறுமல். கதவைத் தட்டி ஜெய்பிட்டி கேட்டான்,
"முடிஞ்சுதா?"
"போ, வரேன்," என்றேன்.
"இன்னும் கொஞ்சம் சிக்கு இருக்கு."